ரசம் போன கண்ணாடியும் உடைந்த தெர்மாமீட்டரும்: பாதரசம் பற்றிக் கேள்வி பதில்

காரைக்குடிப் பக்கம் ஒரு கல்லூரியின் வேதியியல் ஆய்வகத்தில் முப்பது வருடம் சாவிக்கொத்தோடு திரிந்தவன் நான். பாதரசம் என்றதும் ஆளாளுக்கு ஒரு சந்தேகம் கேட்கிறீர்கள். வரிசையாகச் சொல்கிறேன்.

தேவகோட்டை, பள்ளி ஆசிரியை: லேபில் தெர்மாமீட்டர் உடைந்துவிட்டது சார். ஆயாம்மா உடனே விளக்குமாற்றால் கூட்டிவிட்டார். தரை பளிச்சென்று இருக்கிறது. இனிமேல் பயமில்லைதானே?

கூட்டாமல் விட்டிருந்தால் பயம் குறைவாக இருந்திருக்கும், டீச்சர். பாதரசத்தின் பரப்பு இழுவிசை தண்ணீருடையதைப்போல ஆறு மடங்குக்கும் மேல். அதனால்தான் தரையில் ஒட்டாமல் உருண்டு திரள்கிறது. விளக்குமாறு பட்டால் ஒரு உருண்டை நூறாகச் சிதறும். பரப்பு கூடும், ஆவியும் கூடும்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். நான்கு மீட்டர் நீள அகலமும் மூன்று மீட்டர் உயரமும் உள்ள அறையில் 48 கன மீட்டர் காற்று. நாள் முழுக்க வேலை செய்கிறவர்களுக்கு அமெரிக்கத் தொழில்நலக் குழு பரிந்துரைக்கும் வரம்பு கன மீட்டருக்கு 0.025 மில்லிகிராம். மூடிய அறையில் 1.2 மில்லிகிராம் ஆவியானாலே அந்த வரம்பு வந்துவிடும். அது கசகசாவில் பாதி அளவு உருண்டை. லேப் தெர்மாமீட்டரில் இருப்பதோ கிராம் கணக்கில். நம் ஊர் வெயில் வேறு: 20 டிகிரியில் இருக்கும் ஆவியழுத்தம் 40 டிகிரியில் ஐந்து மடங்காகிறது.

பிள்ளைகளை வெளியே அனுப்புங்கள். ஜன்னலைத் திறந்து, ஃபேனை நிறுத்துங்கள். டார்ச்சைத் தரையோடு ஒட்டிப் பிடித்து அடித்தால் ஒளிந்திருக்கும் உருண்டைகள் மின்னும். கையுறை போட்டுக்கொண்டு, பெரியவற்றை ட்ராப்பரால் உறிஞ்சுங்கள், பொடிசுகளை செல்லோ டேப்பில் ஒற்றி எடுங்கள். தரை இடுக்குகளில் கந்தகத் தூள் தூவலாம். அது மேலே சல்ஃபைடு படலமாகப் படிந்து ஆவியைக் குறைக்கும், ஆனால் மெதுவாகத்தான். எடுத்ததையும் அந்த விளக்குமாற்றையும் இறுக மூடிக் கட்டி, அபாயக் கழிவாகக் கொடுங்கள். சிங்க்கில் மட்டும் கொட்டாதீர்கள். குழாய் வளைவில் போய் உட்கார்ந்துகொண்டு வருஷக்கணக்கில் ஆவி விடும்.

கோட்டையூர், கல்லூரி மாணவர்: காற்றழுத்தம் அளக்கும் பாரோமீட்டரில் பாதரசத்துக்குப் பதில் தண்ணீரே ஊற்றலாமே அண்ணே?

ஊற்றலாம் தம்பி, பத்து மீட்டருக்கு மேல் குழாய் வேண்டும். செட்டிநாட்டு வீட்டு மாடியைத் துளைத்துக்கொண்டு போகும். பாதரசம் தண்ணீரைவிட 13.6 மடங்கு கனம், 76 சென்டிமீட்டரில் வேலை முடிந்துவிடுகிறது. அரை லிட்டர் பாட்டில் கிட்டத்தட்ட ஏழு கிலோ. தண்ணீர் பாட்டில் என்று நினைத்து ஒரு கையால் தூக்கினால் நழுவிவிடும்.

கானாடுகாத்தான், குடும்பத் தலைவி: எங்க ஐயா காலத்துப் பெல்ஜியம் கண்ணாடி ரசம் போயிருச்சு. முனீஸ்வரன் கோயில் தெருவுல பழஞ்சாமான் கடையில போடலாம்னு இருக்கோம். ரசம்னா பாதரசமா?

பழைய கண்ணாடிகளில் நிஜமாகவே அதுதான், ஆச்சி. வெள்ளீயத் தகட்டின் மேல் பாதரசத்தை ஊற்றி, அதன்மேல் கண்ணாடியைச் சரித்து வைத்து, பாரம் ஏற்றி அழுத்துவார்கள். 1835-இல் லீபிக் வெள்ளி பூசும் முறையைக் கண்டார். பழைய முறை அதன்பிறகு மெல்ல மெல்ல வழக்கொழிந்தது. அதனால் வீட்டின் வயதைப் பொறுத்தது. முதுகுப்புறம் பாருங்கள். வண்ணம் பூசியிருந்தால் பெரும்பாலும் வெள்ளி. பூச்சே இல்லாமல் சாம்பல் நிற உலோகமாகத் தெரிந்து, முன்பக்கம் பனிப்பூ மாதிரி மினுக்கினால் பாதரசம் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அப்படியானால் படுக்கவைக்க வேண்டாம், தலைகீழாகவும் தூக்க வேண்டாம். நாள்பட்ட கண்ணாடியில் கசிந்த பாதரசம் சட்டத்தின் அடியில் தேங்கியிருக்கும். சுரண்டவும் கூடாது. கடைக்காரரிடமும் சொல்லிவிட்டுக் கொடுங்கள்.

புதுவயல், இளம் தாய்: குழந்தை தெர்மாமீட்டரைக் கடித்து முழுங்கிவிட்டான்!

முதலில் வாயில் கண்ணாடித் துண்டு இருக்கிறதா பாருங்கள், உடனே டாக்டரிடம் கொண்டுபோங்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உலோகப் பாதரசம் குடலில் அநேகமாக ஏறாமல் மலத்தோடு போய்விடும். மூச்சில் போனால் கதை வேறு, நூற்றுக்கு எண்பது பங்கு உடம்பிலேயே தங்கும். கை நடுக்கம், சட்டென்று வரும் கோபம், மறதி எல்லாம் அந்த வழியாக வருபவைதான்.

காரைக்குடி, ஆராய்ச்சி மாணவி: கையுறை போட்டால் போதும்தானே?

எந்தப் பாதரசம் என்பதுதான் கேள்வி. 1996-இல் அமெரிக்க வேதியியலாளர் கேரன் வெட்டர்ஹான் கையில் டைமெத்தில் மெர்க்குரி என்ற பாதரசச் சேர்மம் ஓரிரு துளி சிந்தியது. லேடெக்ஸ் கையுறை போட்டிருந்தார், ஊடுருவிவிட்டது. அடுத்த ஆண்டு ஜூனில் இறந்துபோனார். அந்தச் சேர்மம் இல்லாமல் வேலை நடக்குமென்றால் தொடவே தொடாதே அம்மா.

பள்ளத்தூர், ஆய்வக உதவியாளர்: மோதிரத்தில் பட்டு வெள்ளையாகிவிட்டது. அடுப்பில் காட்டினால் போய்விடும் என்கிறார்களே?

போகும், உங்கள் நுரையீரலுக்குள். தங்கத்தோடு கலந்த பாதரசம் சூட்டில் ஆவியாகித்தான் பிரியும். விஷயத்தைச் சொல்லாமல் ஆசாரியிடம் கொடுப்பதும் பாவம், உலை முன்னால் குனிந்து ஊதுகிறவர் அவர்தான். நானும் ஒருநாள் மோதிரத்தைக் கழற்ற மறந்து பாரோமீட்டர் கிண்ணத்தைத் துடைத்தேன். அந்த மோதிரம் வெள்ளைத் திட்டோடு ஒரு டப்பாவில் அப்படியே கிடக்கிறது. வீட்டில் இன்றைக்கும் கேட்கிறார்கள்.