கியோட்டோவில் ஒன்றும் தோன்றவில்லை – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். அலுவலக வேலையாக ஒசாகா போயிருந்தபோது மனைவியையும் அழைத்துப் போனேன். சனி, ஞாயிறு இரண்டு நாளும் கியோட்டோ கோயில்கள். ஜென் தோட்டங்களைப் பற்றி நிறையப் படித்துவிட்டுத்தான் போனேன். ரியோவான்ஜி கோயிலில், சரளைக்கல் பரப்பில் நிற்கும் அந்தப் பதினைந்து கற்களுக்கு முன்னால் முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். உண்மையைச் சொல்கிறேன், ஒன்றும் தோன்றவில்லை. பக்கத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் கற்களை எண்ணிக் கூச்சல் போட்டுக்கொண்டிருந்தார்கள். அப்புறம் தங்கத் தகடு ஒட்டிய கின்காகுஜி. வரிசையோடு நகர்ந்து, ஒரு படம் எடுத்துக்கொண்டு வெளியே வந்தோம். போகிற இடமெல்லாம் நுழைவுக் கட்டணம் வேறு. "சாமி கும்பிடவும் காசா?" என்று என் மனைவி கேட்டாள். எனக்குத்தான் ரசனை இல்லையா, அல்லது இதெல்லாம் சும்மா ஊதிப் பெருக்கியதா? ஜூனில் மறுபடி ஒசாகா போகவேண்டியிருக்கிறது. கியோட்டோவுக்கு இன்னொரு முறை நேரம் ஒதுக்கலாமா?

எஸ்., பெங்களூர்

அன்புள்ள எஸ்.,

முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருக்கிறீர்கள். அங்கே பலரும் பத்து நிமிடத்தில் எழுந்துவிடுகிறார்கள். ரசனை இல்லாதவர் செய்கிற காரியம் இல்லை இது. சிக்கல் நீங்கள் படித்துவிட்டுப் போனதில் இருக்கிறது என்று நினைக்கிறேன். வெறுமை, மௌனம், மனம் அடங்குதல் என்று யாரோ எழுதிவைத்ததை மனதில் ஏற்றிக்கொண்டு போய், அது உங்களுக்குள் நிகழ்கிறதா என்று காவல் காத்திருக்கிறீர்கள். அந்த நிலையில் யாருக்கும் ஒன்றும் தோன்றாது.

அந்த விளக்கங்களுக்குப் பெரிய வயதும் இல்லை. 1799-இல் வெளிவந்த கியோட்டோ தோட்டங்களுக்கான படக் கையேடு ஒன்றில் ரியோவான்ஜி வரையப்பட்டிருக்கிறது. அதில் வந்தவர்கள் சரளைக்கல் பரப்பிலேயே இறங்கி, கற்களுக்கு நடுவே நிற்கிறார்கள். இன்று கால் வைத்தால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அந்தக் காலத்தில் அந்தக் கோயிலுக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது கல் இல்லை, கீழே இருக்கிற பெரிய குளமும் அதில் நீந்திய மாண்டரின் வாத்துகளும்தான். கற்களை ஜென் தத்துவத்தின் வடிவமாகப் பார்க்கும் பேச்சு 1930-களில் தொடங்கி ஆங்கிலப் புத்தகங்கள் வழியாக உலகம் முழுக்கப் பரவியது. வாத்து பார்க்க வந்தவருக்குத் தோன்றாத ஒன்று உங்களுக்கும் தோன்றவில்லை. இதில் வருத்தப்பட என்ன இருக்கிறது?

அதனால் தோட்டம் சாதாரணமானது என்று சொல்லவரவில்லை. யார் செய்தார்கள், எதை வைத்துச் செய்தார்கள், எது எரிந்தது, எது மிஞ்சியது என்று பார்க்க ஆரம்பித்தால் அதே இடம் வேறு மாதிரி தெரியும். ஹோசோகாவா கட்சுமோட்டோ என்ற பிரபு 1450-இல் ரியோவான்ஜியை நிறுவினார். ஓனின் போர் என்ற உள்நாட்டுப் போரில் அது எரிந்தது. போர் தொடங்கக் காரணமான இரு தலைவர்களில் ஒருவர் அதே கட்சுமோட்டோ! 1488-இல் அவருடைய மகன் மறுபடி கட்டினார். 1797-இல் இன்னொரு தீ. நீங்கள் உட்கார்ந்திருந்த திண்ணைகூட, அந்தத் தீக்குப் பிறகு வளாகத்தின் வேறொரு பகுதியிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்து வைத்த கட்டடத்துடையது. தோட்டத்தை அமைத்தது யார், எந்த ஆண்டு என்பதில் இன்றுவரை அறிஞர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. ஆனால் ஒரு கல்லின் பின்பக்கத்தில் இரண்டு ஆள் பெயர்கள் செதுக்கப்பட்டிருக்கின்றன. திண்ணையிலிருந்து அது கண்ணில் படாது. ஆற்றங்கரையில் ஒதுக்கிவைக்கப்பட்டு, தோல் பதனிடுவது, மண் வெட்டுவது போன்ற வேலைகளைச் செய்த கவாராமோனோ மக்களைச் சேர்ந்த இருவர் அவர்கள் என்று கருதப்படுகிறது. சமூகம் தீட்டு என்று தள்ளிவைத்தவர்கள்தான் பிரபுக்களின் தோட்டங்களில் கல் நிறுத்தினார்கள். வெள்ளிக் கோயில் என்று பேர்பெற்ற கிங்காகுஜியை (நீங்கள் பார்த்த கின்காகுஜி வேறு) கட்டிய ஷோகுன், அதாவது படைத்தலைவராக இருந்து ஆண்டவர், யோஷிமாசா பெரிதும் மதித்த தோட்டக் கலைஞர் ஸென்அமியும் அந்த மக்களிலிருந்து வந்தவரே. எனக்கு அந்தப் பதினைந்து கற்களைவிட, மறைவாகப் பெயர் வெட்டிவிட்டுப் போன அந்த இருவர்மேல்தான் மனம் போகிறது.

பிள்ளைகள் எண்ணியதைக் குறை சொல்லாதீர்கள். திண்ணையில் எங்கே உட்கார்ந்தாலும் ஒரு கல்லாவது மறைந்துவிடும் என்பது உலகறிந்த சங்கதி, பெரியவர்களும் மனதுக்குள் எண்ணிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

கின்காகுஜி பற்றி அதிகம் சொல்ல இல்லை. 1950-இல் அந்தக் கோயிலின் இளம் துறவி ஒருவரே அதற்குத் தீ வைத்தார். நீங்கள் பார்த்தது 1955-இல் எழுப்பிய கட்டடம், 1987-இல் புதிதாக ஒட்டி முடித்த தங்கம். படம் எடுத்துக்கொண்டு வந்தது போதும்.

உங்கள் மனைவியின் கேள்விக்கு வருகிறேன். கடிதத்திலேயே நல்ல கேள்வி அதுதான். அதை வைத்துக் கியோட்டோவில் ஒரு பெரிய சண்டையே நடந்திருக்கிறது. 1985-இல் மாநகராட்சி, பேர்பெற்ற கோயில்களுக்குள் நுழையும் பெரியவர் ஒவ்வொருவரிடமும் 50 யென் வரி வசூலித்துத் தரவேண்டும் என்றது. இங்கே வருகிறவர் சுற்றிப் பார்க்க வரவில்லை, வழிபட வருகிறார், வழிபாட்டுக்கு வரி போட முடியாது என்று கோயில்கள் எதிர்த்தன. கின்காகுஜி, கியோமிசு உட்படப் பல கோயில்கள் கதவைச் சாத்திவிட்டன. கூட்டம் குறைந்து, விடுதிக்காரர்களும் கடைக்காரர்களும் தவித்துப்போனார்கள். கடைசியில் 1988-இல் வரியைக் கைவிட்டார்கள். ஆக, கோயில்களே சொன்ன கணக்குப்படி நீங்கள் கொடுத்தது சாமி கும்பிடக் கொடுத்த காசுதான். உங்கள் மனைவி சரியாகவே பிடித்திருக்கிறார்.

கோயில்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது. மெய்ஜி அரசு 1870-களில் கோயில் நிலங்களில் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டது. சாதாரண ஊர்க் கோயில், தன்னைச் சார்ந்த குடும்பங்களின் ஈமச் சடங்கு, திதி வருமானத்தில் ஓடுகிறது. பேர்பெற்ற கியோட்டோ கோயில்கள் பலவற்றுக்கு அப்படிப்பட்ட குடும்பங்கள் குறைவு. கூரை வேயவும், பைன் மரத்தைக் கவாத்து செய்யவும், பாசியில் விழும் இலையைத் தினமும் பெருக்கவும் ஆள்கூலி அந்தச் சீட்டிலிருந்துதான் வருகிறது.

சரி, ஜூன். கட்டாயம் போங்கள். அது மழைக்காலம், பலர் தவிர்க்கிற மாதம், பாசிக்கு அதைவிட நல்ல மாதம் இல்லை. தரை முழுக்கப் பாசி படர்ந்த தோட்டத்துக்குப் பேர்பெற்ற சைஹோஜி கோயிலை முயன்று பாருங்கள். 1977 முதல் முன்பதிவு செய்தவர்களுக்கு மட்டுமே அனுமதி. கட்டணம் மூவாயிரம் யென்னுக்கு மேல் (மனைவியிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்). 1339-இல் முசோ சோசெகி என்ற துறவி அந்தத் தோட்டத்தைச் சீரமைத்தபோது பாசி அவருடைய திட்டத்திலேயே இல்லை. பின்னாளில் பராமரிக்க வழியில்லாமல் கிடந்தபோது, அந்த ஈரப் பள்ளத்தாக்கில் அது தானாகப் படர்ந்தது. இன்று நூற்றுக்கும் மேற்பட்ட வகைகள்.

ஒரே ஒரு கோயில்தான் முடியும் என்றால் தோஃபுகுஜிக்குப் போங்கள். தலைமைத் துறவியின் மாளிகையைச் சுற்றி நான்கு பக்கமும் நான்கு தோட்டங்கள். எல்லாம் 1939-இல் ஷிகெமோரி மிரெய் அமைத்தவை. 1934-இல் பெரும்புயல் அடித்துப் பல தோட்டங்கள் சிதைந்தபின், நாடு முழுக்கத் தோட்டங்களை அளந்து வரைபடமாக்கியவர் அவர். கோயிலிடம் பணம் இல்லை, கூலி வாங்காமல் செய்தார். கோயில் போட்ட நிபந்தனை ஒன்றுதான்: வளாகத்தில் கிடக்கும் எதையும் வீணாக்கக் கூடாது. வடக்குப் பக்கம் பாசியும் சதுரக் கல்லும் சதுரங்கப் பலகை போலத் தொடங்கி, போகப்போகக் கல் குறைந்து பாசிக்குள் கரைந்துவிடும். அந்தக் கற்கள் பழைய நடைபாதையிலிருந்து பெயர்த்தவை. கிழக்கே ஏழு உருண்டைத் தூண்கள் சப்தரிஷி மண்டலமாக நிற்கும். அவை துறவிகளின் பழைய கழிப்பறைக் கட்டடத்தில் மிஞ்சிய அடித்தூண்கள்! இதைத் தெரிந்துகொண்டு பார்த்தால் அங்கே ஒன்றும் தோன்றாமல் இருக்காது, சிரிப்பாவது வரும்.

நேரம் மிச்சமிருந்தால் நகரின் வடக்கே என்ட்சூஜி. வேலிக்கு அப்பால் தொலைவில் தெரியும் ஹியேய் மலையையும் தோட்டத்தில் சேர்த்துக்கொண்டு அமைத்தது. நடுவில் ஒரு அடுக்குமாடி எழும்பினால் தோட்டமே போச்சு. 2007-இல் மாநகராட்சி கொண்டுவந்த நிலக்காட்சி விதிகள் அந்தப் பார்வையை மறைக்கிற கட்டடங்களைத் தடுக்கின்றன. ரயில் நிலையத்திலிருந்து கொஞ்சம் நடக்கவேண்டும். மழையில் மலை தெரியாமலும் போகலாம், வானம் வெளுத்த நாளாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு நாளைக்கு இரண்டு கோயிலுக்கு மேல் வைத்துக்கொள்ளாதீர்கள், காலையில் கதவு திறக்கும்போதே போய்விடுங்கள். அப்புறம், எல்லா இடத்திலும் செருப்பைக் கழற்றவேண்டும். நனைந்த காலுறையோடு பழைய மரத் தரையில் நடப்பது நமக்கும் நன்றாக இருக்காது, தரைக்கும் ஆகாது. ஆளுக்கு ஒரு ஜோடி கூடுதலாகப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

அன்புடன்.