சத்தான சாப்பாடு, துரித உணவைவிடச் செலவு கூடியதா?

எதை வைத்து அளக்கிறோம் என்பதைப் பொறுத்து விடை மாறும். ஒரு கலோரிக்கு எவ்வளவு காசு என்று பார்த்தால் எண்ணெய், மைதா, சர்க்கரை சேர்ந்த பண்டம்தான் மலிவு. எடையையோ ஒரு வேளைக்குச் சாப்பிடும் அளவையோ வைத்துக் கணக்கிட்டால் காய்கறி மலிவாகிவிடும். அமெரிக்க வேளாண் துறையின் 2012 ஆய்வு காட்டியது இதைத்தான். அடுத்த ஆண்டு ஹார்வர்டு ஆய்வாளர்கள் பல நாட்டு விலைகளைத் தொகுத்தார்கள். மிகச் சத்தான உணவுமுறைக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒன்றரை டாலர் கூடுதலாகிறது என்றார்கள்.

தமிழ்நாட்டில் அரிசி வாங்கும் ரேஷன் அட்டை இருக்கும் குடும்பத்துக்கு நிலைமை வேறு. அரிசி இலவசம், துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய். நாலு பேருக்குச் சோறு, கீரைக் கூட்டு, ஆளுக்கொரு முட்டை என்று சமைக்கிற செலவும், ரோட்டோரக் கடையில் ஒரு சிக்கன் ஃப்ரைடு ரைஸ் விலையும் கிட்டத்தட்ட ஒன்றுதான். ஓட்ஸ், அவகாடோ என்று தேடுகிறவர்களுக்குத்தான் பில் எகிறும். கொண்டைக்கடலையும் கொய்யாவும் சத்தானவைதான்.

ஆனால் சென்னை திருவல்லிக்கேணியில் மேன்ஷன் எனப்படும் வாடகை விடுதியில், அடுப்பில்லாத அறையில் தங்கியிருப்பவரிடம் "சமைத்துச் சாப்பிடு" என்பது நியாயமில்லை. அவருடைய ரேஷன் அட்டை ஊரில் கிடக்கும். பாத்திரம், நேரம், இடம் எதுவும் கையில் இல்லை. அவருக்குப் பரோட்டா உண்மையிலேயே மலிவு. நீங்களும் அப்படி இருந்தால் மதியத்துக்கு அம்மா உணவகம் பாருங்கள்: சாம்பார் சாதம் 5 ரூபாய், தயிர் சாதம் 3 ரூபாய். கூடவே அவித்த முட்டை, வாழைப்பழம், வேர்க்கடலை வாங்கிக்கொள்ளுங்கள்.