கதவு நிலை உதிர்கிறது: கரையானா, ஈரமா?

கேள்வி: சென்னைப் புறநகரில் வாங்கிய அடுக்குமாடி வீடு. சாவி வாங்கி மூன்றரை ஆண்டு ஆகிறது. குளியலறைக் கதவு நிலையின் அடிப்பக்கம் விரலால் அழுத்தினாலே உதிர்கிறது. "கரையான், நீங்கள்தான் மருந்து அடித்திருக்க வேண்டும்" என்கிறார் பில்டர். போன வருடம் மருந்து அடித்த நிறுவனமோ, "ஈரத்தில் மக்கியது, எங்கள் உத்தரவாதத்தில் வராது" என்கிறது. யார் மேல் புகார் கொடுப்பது?

பதில்: முதலில், அந்த நிலையைக் கழற்றிவிடாதீர்கள். ஆசாரி புது நிலை மாட்டிப் பழையதை விறகுக்குக் கொண்டுபோய்விட்டால், அப்புறம் எதைக் காட்டி நிரூபிப்பது?

நீங்கள் அனுப்பிய படத்தில் மரம் கருஞ்சிவப்பாகி, வறண்ட ஏரி மண்போலக் குறுக்கும் நெடுக்கும் வெடித்துக் கட்டம் கட்டமாக நிற்கிறது. இது பூஞ்சை அழுகலின் அடையாளம். கரையான் என்றால் பெரும்பாலும் சுவரோரம் மண் கோடு ஏறியிருக்கும். மேல்தோல் முழுசாக இருக்கும், தட்டினால் உள்ளே காலியாகக் கேட்கும், பிளந்தால் நாரோட்டத்தை ஒட்டி நீளமாகப் பாதைகளும் மண்ணும் தெரியும். காய்ந்த மரத்திலேயே குடியிருக்கும் கரையான் மண் கோடு போடாது; கசகசா போன்ற எச்சத்தைக் கீழே உதிர்க்கும். உங்கள் படத்தில் இவை எதுவும் இல்லை.

இந்த வகைப் பூஞ்சை அழுகலுக்கு 'உலர் அழுகல்' என்று பெயர் இருந்தாலும், ஈரம் படாத மரம் மக்காது. அப்படியானால் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்பதுதான் உங்கள் வழக்கின் உயிர். குளியலறைத் தரையில் நீர்க்கசிவுத் தடுப்பு சரியில்லை என்றால் அது பில்டரின் வேலைக் குறை. ஆனால் ஈர மரத்தைக் கரையானும் தேடி வரும், இரண்டும் சேர்ந்தே இருக்கலாம். அதனால் என் கண்ணை நம்பாமல், ஒரு சிவில் பொறியாளரை வரவழைத்து, மரத்தின் ஈர அளவோடு எழுத்தில் அறிக்கை வாங்குங்கள்.

சரி, சட்டத்துக்கு வருவோம். ரெரா எனும் 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டம், பிரிவு 14(3): வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து 5 ஆண்டுக்குள் வேலைத்தரம், பொருள்தரம் பற்றிய குறையைத் தெரிவித்தால், பில்டர் 30 நாளுக்குள் செலவு வாங்காமல் சரிசெய்ய வேண்டும். செய்யாவிட்டால் இழப்பீடு கேட்கலாம். திட்டம் ரெராவில் பதிவானதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வாய்ப்பேச்சும் வாட்ஸ்அப்பும் போதாது. ஸ்பீட் போஸ்ட்டில் நோட்டீஸ் அனுப்பிப் பட்டுவாடா சான்றை வைத்துக்கொள்ளுங்கள். அதில் "உளுத்துப்போச்சு" என்று எழுதாதீர்கள். கரையான், வண்டு, பூஞ்சை மூன்றுக்கும் நம் ஊரில் அதே சொல்தான். பில்டர் அதைப் பிடித்துக்கொள்வார். கண்ணால் கண்டதை மட்டும் எழுதுங்கள்.

அறிக்கையில் கரையான் என்றே வந்தாலும் பில்டரை விட்டுவிட வேண்டாம். கடைக்கால் போடும்போது கரையான் தடுப்பு மருந்து அடிப்பதாக உங்கள் ஒப்பந்தத்தில் இருந்தால், அதற்கான ஆவணத்தைக் கேளுங்கள். மருந்து நிறுவனத்தின் மேல் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். உத்தரவாதத்தை அவர்கள் மறுத்த நாளைக் குறித்துவையுங்கள், புகாருக்குப் பொதுவாக 2 ஆண்டுதான் கெடு.

பில்டர் ஆள் அனுப்பினால் தடுக்காதீர்கள். உங்கள் பொறியாளரையும் பக்கத்தில் நிறுத்தி, படமெடுத்த பிறகே மரத்தில் கைவைக்க விடுங்கள்.