மினி கல்லீரல் ஊசி: முன்பணம் கட்டும் முன் கேட்க வேண்டியவை

கேள்வி: அப்பாவுக்கு 58 வயது. சிரோசிஸ் எனும் கல்லீரல் சுருக்க நோய். ஓர் ஏஜென்ட், "அவருடைய கொழுப்பிலிருந்தே ஸ்டெம் செல் எடுத்து, மினி கல்லீரல் வளர்த்து, ஊசியில் ஏற்றுவார்கள். காலையில் போனால் மாலையில் வீடு திரும்பலாம். சொந்த செல் என்பதால் பக்கவிளைவே கிடையாது. சர்வதேசப் பதிவேட்டில் பதிவான சிகிச்சை" என்கிறார். பாதித் தொகையை முன்பணமாகக் கேட்கிறார். கட்டலாமா, டாக்டர்?

பதில்: கட்ட வேண்டாம். காலையில் போய் மாலையில் திரும்புவதற்குள் எந்த மினி உறுப்பும் வளராது. பொய் அந்த வாக்கியத்திலேயே இருக்கிறது.

மினி உறுப்பு என்று அவர் சொல்வதை ஆய்வகத்தில் ஆர்கனாய்டு என்கிறோம். 2009-ல் நெதர்லாந்தில் தோஷிரோ சாட்டோ, ஹான்ஸ் கிளெவர்ஸ் குழுவினர் சுண்டெலிக் குடலின் ஒற்றை ஸ்டெம் செல்லிலிருந்து (பெருகி, வேறு வகைச் செல்களாகவும் மாறக்கூடிய மூலச் செல்) குடல் சுவரின் சிறு உருவத்தையே தட்டில் வளர்த்துக் காட்டினார்கள். கல்லீரலுக்கு என்றால், சோதனைக்காகத் திசு எடுக்கும் பயாப்சியில் கிடைக்கும் அரிசியளவு துண்டை நொதியில் கரைத்து, பித்த நாளச் செல்களைப் பிரித்து, ஐஸில் வைத்த ஜெல்லோடு கலந்து, துளித்துளியாகத் தட்டில் வைப்பார்கள். 37 டிகிரியில் சுமார் கால் மணி நேரத்தில் துளி உறைந்துவிடும். ஜெல் ஐஸைவிட்டு வெளியே கொஞ்சம் அதிகமாக இருந்தால் துளி விடும் பிப்பெட் குழாய்க்குள்ளேயே கெட்டியாகி, அன்றைய வேலை போய்விடும். அதன்பின் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை வளர்ச்சித் திரவத்தை மாற்ற வேண்டும். சுமார் வாரம் ஒருமுறை உடைத்துப் புதுத் துளிகளில் போட வேண்டும். போதிய அளவு சேர வாரக்கணக்காகும்.

இப்படி வளர்வதும் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாத உருண்டை. அதற்கு ரத்தக்குழாய் கிடையாது. ஆக்சிஜன் ஓரிரு நூறு மைக்ரானுக்கு (ஆயிரம் மைக்ரான் ஒரு மில்லிமீட்டர்) மேல் உள்ளே எட்டாது. பெரிதானால் நடுப்பகுதி செத்துவிடும். உங்கள் அப்பாவின் கல்லீரல் ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ இருக்க வேண்டிய உறுப்பு, அதுவும் இப்போது தழும்பால் இறுகிக் கிடக்கிறது. புதுச் செல்லை ஏற்றினாலும் அது தங்கி வேலை செய்யத் தோதான இடம் அங்கே இல்லை. மேலும், கொழுப்பில் இருக்கும் ஸ்டெம் செல்லுக்கு அந்தந்தத் திசுவைப் புதுப்பிப்பதுதான் வேலை. ஊசியில் ஏற்றியதும் அது கல்லீரலாக மாறிவிடும் என்பதற்கு ஆதாரம் கிடையாது. அன்றே எடுத்து அன்றே ஏற்றுவது, கொழுப்பைச் சுழற்றிப் பிரித்த செல் கலவை மட்டுமே. சிரோசிஸுக்கு எலும்பு மஜ்ஜை வழி ஸ்டெம் செல்லை முறையாகச் சோதித்த பிரிட்டன் ஆய்வின் முடிவு 2018-ல் வந்தது. 81 நோயாளிகள், கல்லீரலின் செயல்பாடு முன்னேறவில்லை, பாதிப்புகள்தான் கூடுதலாகத் தெரிந்தன.

சொந்த செல் தீங்கு செய்யாது என்ற பேச்சை நம்பாதீர்கள். ஃபுளோரிடாவில் மூன்று முதிய பெண்களுக்கு அவர்களுடைய கொழுப்பிலிருந்தே எடுத்த செல்லை இரு கண்களிலும் ஏற்றினார்கள். மூவருக்கும் பார்வை கடுமையாகப் பறிபோனது. 2017-ல் இது மருத்துவ இதழில் வெளியானது. அங்கேயும் மருத்துவ ஆய்வுகளின் இணையப் பதிவேட்டில் ஓர் ஆய்வு இடம்பெற்றிருந்தது. இணையப் பதிவேட்டில் எண் வாங்குவது அனுமதி வாங்குவது ஆகாது. படிவத்தை நிரப்பினால் எண் கிடைக்கும், சிகிச்சை பலிக்குமா என்று அங்கே யாரும் சோதிப்பதில்லை. இந்த ஓட்டை வருடக்கணக்காகத் திறந்தே கிடக்கிறது. அடைக்க வேண்டியவர்கள் புகார் வரட்டும் என்று காத்திருக்கிறார்கள். புகார் வரும்போது கண் போயிருக்கும்.

ஏஜென்டிடம் நான்கு காகிதம் கேளுங்கள். நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் கடிதம். மருந்து ஒழுங்குமுறை அமைப்பின் அனுமதி. உங்களிடமிருந்து பணம் வாங்குவதற்கான எழுத்துப்பூர்வ காரணம்; முறையான ஆய்வுகளில் பெரும்பாலும் சோதனை மருந்துக்கு நோயாளி பணம் கட்டுவதில்லை. நான்காவது, அந்த செல் தொகுதிக்கான பரிசோதனைச் சான்று: எத்தனை சதவீதம் உயிரோடு இருந்தன, பாக்டீரியா, மைக்கோபிளாஸ்மா எனும் நுண்கிருமி, எண்டோடாக்சின் எனும் பாக்டீரியா நச்சு இருந்தனவா என்று. வழக்கமான கிருமிச் சோதனைக்கே 14 நாள் வேண்டும். அன்றே ஏற்றும் செல்லுக்கு அந்த முடிவு எப்படி வந்திருக்கும்? உண்மையிலேயே ஆர்கனாய்டு என்றால், எந்த ஜெல்லில் வளர்த்தீர்கள் என்றும் கேளுங்கள். ஆய்வகங்களில் பரவலாகப் புழங்கும் மாட்ரிஜெல் சுண்டெலிப் புற்றுக்கட்டியிலிருந்து எடுப்பது. மனித உடலுக்குள் வைக்க ஏற்றதல்ல.

அப்படியென்றால் ஸ்டெம் செல்லே ஏமாற்றா என்று கேட்காதீர்கள். கண் விஷயத்தில் வேலை செய்கிறது, அதை நான் அழுத்திச் சொல்லியாக வேண்டும். ரசாயனம் பட்டு ஒரு கண்ணின் கருவிழி மேற்பரப்பு கருகினால், நல்ல கண்ணின் கருவிழி ஓரத்திலிருந்து ஒன்றிரண்டு சதுர மில்லிமீட்டர் எடுத்து, படலமாக வளர்த்து ஒட்டுவார்கள். 2010-ல் வந்த இத்தாலிய ஆய்வில் 112 நோயாளிகள். நான்கில் மூன்று பங்குக்கு மேல் நிரந்தரப் பலன். வளர்த்த படலத்தில் உண்மையான ஸ்டெம் செல் மூன்று சதவீதத்துக்கு மேல் இருந்தவர்களில் 78 சதவீதத்தினருக்குப் பலித்தது. அதற்குக் கீழே என்றால் 11 சதவீதம் மட்டுமே. ஒரு துளி திரவத்தைக் காட்டி "இதெல்லாம் ஸ்டெம் செல்" என்று சொன்னால் ஏன் நம்பக் கூடாது என்பது இதிலிருந்தே புரியும். ஐரோப்பாவில் இந்த முறைக்கு 2015-ல் நிபந்தனையுடன் அனுமதி கிடைத்தது. அது மெல்லிய படலம், ரத்தக்குழாய் தேவையில்லை, எடுத்த செல் தன் பழைய வேலையையே செய்கிறது. கல்லீரலுக்கு இந்த மூன்றுமே பொருந்தாது.

அந்தப் பணத்தைக் கல்லீரல் சிறப்பு மருத்துவருக்குச் செலவிடுங்கள். நோய்க்குக் காரணமான மது, வைரஸ், கொழுப்பு எதுவோ அதை நிறுத்துவதுதான் முதல் மருந்து. ஆறு மாதத்துக்கு ஒருமுறை அல்ட்ராசவுண்டு, உணவுக்குழாயில் ரத்தக்குழாய்கள் புடைத்திருக்கின்றனவா என்று பார்க்க எண்டோஸ்கோப்பி. கல்லீரல் எவ்வளவு மோசம் என்று ரத்தப் பரிசோதனையிலிருந்து கணக்கிடும் மெல்ட் மதிப்பெண் 15-ஐத் தொட்டால், மாற்று அறுவை சிகிச்சை பற்றி உடனே பேச வேண்டும். அங்கீகாரமில்லாத செல் ஊசி போட்டவர்களை நல்ல ஆய்வுகள் பல சேர்த்துக்கொள்வதில்லை என்பதையும் ஏஜென்ட் சொல்ல மாட்டார்.