அடைத்த அறைக்குள் மாஸ்க்: உத்தரவு போட்டவர்கள், போட்ட விதம் – கேள்வி பதில்

நகராட்சியில் சுகாதார ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். கொரோனா நாட்களில் அபராத ரசீதுப் புத்தகத்தோடு கடைத்தெருவில் நின்றவர்களில் ஒருவன். கடை, அலுவலகம், மண்டபம் போன்ற அடைத்த இடங்களில் மாஸ்க் கட்டாயம் என்று உள்ளாட்சிகள் போட்ட உத்தரவுகள் பற்றிக் கேட்கலாம் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளும் எனக்குத் தெரிந்த பதில்களும் கீழே.

கேள்வி (துணிக்கடை உரிமையாளர், கும்பகோணம்): ஐயா, 2020 கடைசியில் என் கடைக்கு 5,000 ரூபாய் அபராதம். ஒரு நாள் போலீஸ் வந்தார்கள், மறுநாள் வருவாய்த்துறை, அப்புறம் நகராட்சி. உண்மையில் யாருக்குத்தான் அதிகாரம்?

மூன்று பேருக்குமே இருந்தது, குழப்பமே அதுதான். 1897-ஆம் ஆண்டின் தொற்றுநோய்ச் சட்டம் மாநில அரசுக்கு அதிகாரம் கொடுத்தது. 2005-இன் பேரிடர் மேலாண்மைச் சட்டம் கலெக்டர்களை முன்னால் நிறுத்தியது. எங்கள் கையில் இருந்தது 1939-இன் தமிழ்நாடு பொது சுகாதாரச் சட்டம். 2020 செப்டம்பரில் அவசரச் சட்டம் கொண்டுவந்து அதைத் திருத்தினார்கள். அதன் பிறகுதான் அந்தச் சட்டத்தின்படி அந்த இடத்திலேயே அபராதம் வசூலிக்க வழி வந்தது: மாஸ்க் இல்லாவிட்டால் 200, பொது இடத்தில் துப்பினால் 500, விதிமுறையைக் கடைப்பிடிக்காத கடைக்கு 5,000. 2022 ஜனவரியில் அந்த 200-ஐ 500 ஆக்கினார்கள்.

யாரும் அதிகம் பேசாத விஷயம் ஒன்றும் உண்டு. அந்த இரண்டு வருடமும் தமிழ்நாட்டின் மாநகராட்சிகளிலும் நகராட்சிகளிலும் கவுன்சிலர் என்று ஒருவர்கூட இல்லை. பழைய மன்றங்களின் பதவிக்காலம் 2016 அக்டோபரில் முடிந்தது, அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரி 19-ஆம் தேதிதான் நடந்தது. இடைப்பட்ட காலம் முழுக்க அரசு நியமித்த தனி அலுவலர் ஆட்சி. உங்கள் வார்டில் ஓட்டு வாங்கிய ஒருவர் மன்றக் கூட்டத்தில் எழுந்து, "துணிக்கடைக்கு இந்த விதி சரியாக வருமா?" என்று கேட்டிருக்க வேண்டும். கேட்க ஆள் இல்லை. உத்தரவு மேலிருந்து வந்தது, நாங்கள் ரசீது கிழித்தோம். இதை நினைத்தால் எனக்கு இன்றும் வருத்தம்தான்.

கேள்வி (டூவீலர் மெக்கானிக், மதுரை): தனியாக வண்டியில் போன என்னைப் பிடித்து 200 ரூபாய் வாங்கினார்கள். ஏசி ஷோரூமுக்குள் கூட்டம் முண்டியடித்தது, அங்கே யாரும் எட்டிப் பார்க்கவில்லை. நியாயமா சார்?

நியாயம் இல்லை. நான் அந்தப் பக்கம் நின்றவன் என்பதால் இதைச் சொல்ல எனக்குக் கடமை இருக்கிறது.

வீட்டில் காய்ந்த மிளகாய் தாளிக்கும்போது என்ன ஆகிறது? அடுப்படியில் நிற்பவர் மட்டுமா இருமுகிறார்? ஜன்னல் மூடியிருந்தால் கடைசி அறையில் படித்துக்கொண்டிருக்கும் பிள்ளையும் இருமும். அதே மிளகாயைத் திறந்த வெளியில் கல் அடுப்பு மூட்டித் தாளித்துப் பாருங்கள், நான்கு அடி தள்ளி நிற்பவருக்கே நெடி குறைந்துவிடும். நோயாளி பேசும்போதும் பாடும்போதும் வெளிவருகிற நுண்துளிகளும் அப்படித்தான். அடைத்த அறையில் மணிக்கணக்கில் மிதக்கும், வெளியில் காற்றோடு கலைந்துபோகும்.

அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலத்து ஸ்காஜிட் மாவட்டத்தில் 2020 மார்ச் 10 அன்று ஒரு சேர்ந்திசைக் குழு பயிற்சிக்குக் கூடியது. வந்தவர்கள் 61 பேர், இரண்டரை மணி நேரம் பாடினார்கள். அதில் அறிகுறியோடு ஒருவர் இருந்தார். அவரையும் சேர்த்து 53 பேருக்கு நோய், இரண்டு பேர் இறந்தார்கள். யாரும் மாஸ்க் போடவில்லை, அந்த நேரத்தில் அப்படி ஒரு விதியும் அங்கே கிடையாது. இதற்கு நேர்மாறான சம்பவம் அதே ஆண்டு மே மாதம் மிசூரி மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் நடந்தது. நோய் அறிகுறியோடு இரண்டு சிகையலங்காரக்காரர்கள் வேலை பார்த்தார்கள், 139 வாடிக்கையாளர்கள் வந்துபோனார்கள். அந்தக் கடையில் எல்லோருக்கும் மாஸ்க் கட்டாயம். வாடிக்கையாளர்களில் ஒருவருக்கும் நோய் வந்ததாகத் தெரியவரவில்லை. பரிசோதனைக்கு ஒப்புக்கொண்ட 67 பேருக்கும் தொற்று இல்லை என்றே வந்தது.

நான் பார்த்தது ஒன்றைச் சொல்கிறேன். ஒரு தீபாவளிச் சமயம், நகரத்தில் பெரிய துணிக்கடை. கண்ணாடிக் கதவு சாத்தியிருக்கிறது, உள்ளே ஏசி. வாசலில் செக்யூரிட்டி எல்லோர் கையிலும் சானிடைசர் ஊற்றுகிறார், நெற்றியில் வெப்பமானி காட்டுகிறார். உள்ளே புடவை எடுத்துப் போடும் பெண்கள் ஆறு பேரும் மாஸ்க்கை முகவாய்க்குக் கீழே இறக்கிவிட்டு விலை சொல்கிறார்கள். ஏன் இறக்கினாய் அம்மா என்று கேட்டேன். "கேக்க மாட்டேங்குது சார், சத்தமா சொன்னா முதலாளி திட்டுறாரு" என்றாள் ஒரு பெண். காலை ஒன்பதிலிருந்து இரவு ஒன்பது வரை அதே காற்று, அதே கூட்டம். நான் அந்தப் பெண்ணுக்கு ரசீது போடவில்லை. முதலாளியைக் கூப்பிட்டு இரண்டு ஜன்னலைத் திறக்க வைத்தேன், அவ்வளவுதான் என்னால் முடிந்தது.

அரசுக்கும் இது பிறகு புரிந்தது. 2021 ஜூனில் தளர்வு அறிவித்தபோது, துணிக்கடையும் நகைக்கடையும் ஏசி போடாமல் 50 சதவீத வாடிக்கையாளர்களோடு இயங்கலாம் என்று எழுதினார்கள். அந்த ஒரு வரி சரியான வரி. 2020-லேயே அது வந்திருக்க வேண்டும்.

கேள்வி (இல்லத்தரசி, சேலம்): என்-95 மாஸ்க்கைத் துவைத்துப் போடலாமா?

வேண்டாம் அம்மா. அதன் இழைகளில் இருக்கும் மின்னேற்றம்தான் நுண்துளியை இழுத்துப் பிடிக்கிறது. சோப்புத் தண்ணீரில் போட்டால் அது போய்விடும். காகித உறையில் காற்றாட வைத்து இரண்டு மூன்று முறை பயன்படுத்திவிட்டுத் தூக்கிப் போடுங்கள்.

கேள்வி (அட்லாண்டாவில் மகன் வசிக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்): அங்கே மேயர் ஒன்று சொன்னார், கவர்னர் வேறு சொன்னார் என்று மகன் சொன்னான். ஒரே ஊரில் இரண்டு விதியா?

உண்மைதான் சார். 2020 ஜூலையில், அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் இருக்கும் அட்லாண்டாவின் மேயர் கீஷா லான்ஸ் பாட்டம்ஸ் மாஸ்க் கட்டாயம் என்று உத்தரவு போட்டார். மாநில கவர்னர் பிரையன் கெம்ப், உள்ளாட்சிகள் அப்படிப் போடக் கூடாது என்று சொல்லி மேயர் மேலேயே வழக்குப் போட்டார். ஆகஸ்டில் வழக்கைத் திரும்பப் பெற்றார். அதற்குள் ஒரு மாதம் போய்விட்டது, நோய் உச்சத்தில் இருந்த மாதம்.

எனக்குப் பிடித்த உதாரணம் ஃபிலடெல்ஃபியா, அதுவும் அமெரிக்க நகரம்தான். தொற்று எவ்வளவு ஏறினால் உள்ளரங்கில் மாஸ்க் திரும்ப வரும் என்று அந்த நகரம் முன்கூட்டியே எழுதி அறிவித்திருந்தது. 2022 ஏப்ரலில் எண்கள் அந்த அளவைத் தொட்டன, 18-ஆம் தேதி விதி அமலுக்கு வந்தது. மருத்துவமனையில் சேர்வோர் எண்ணிக்கை ஏறாமல் இறங்கத் தொடங்கியதும் 22-ஆம் தேதியே எடுத்துவிட்டார்கள். நான்கே நாள். பலர் அதைத் தடுமாற்றம் என்றார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. போட்டதற்கும் காரணம் சொன்னார்கள், எடுத்ததற்கும் சொன்னார்கள்.

கேள்வி (வரலாறு படிக்கும் மாணவி, திருச்சி): அங்கிள், இதற்கு முன்னால் எந்த ஊராவது இப்படிச் சட்டம் போட்டிருக்கிறதா?

போட்டிருக்கிறதும்மா. 1918-இல் ஸ்பானிஷ் ஃப்ளூ என்ற கொள்ளைக் காய்ச்சல் உலகமெங்கும் பரவியபோது, அமெரிக்காவின் சான் ஃபிரான்சிஸ்கோ நகர மன்றம் போட்டது. அது ஒரு முழுப் பாடம்.

அக்டோபர் கடைசியில் விதி வந்தது. வீதியிலும் சரி, இரண்டு பேரோ அதற்கு மேலோ கூடும் எந்த இடத்திலும் சரி, மாஸ்க் கட்டாயம். சாப்பிடும்போது விலக்கு உண்டு. மீறினால் 5 முதல் 100 டாலர் வரை அபராதம், அல்லது பத்து நாள் சிறை. புண்ணுக்குக் கட்டும் மெல்லிய துணியை நான்கு மடிப்பாக மடித்துத் தைத்த மாஸ்க்தான், செஞ்சிலுவைச் சங்கம் விற்றது. ஒரே நாளில் நூற்றுக்கு மேற்பட்டவர்களைக் கைது செய்தார்கள். மாஸ்க் போட மறுத்த ஒரு கொல்லரோடு சுகாதார ஆய்வாளர் ஒருவருக்கு வாக்குவாதம் முற்றித் துப்பாக்கிச் சூடு வரை போனது. என் பதவியில் இருந்த ஒருவர் கையில் துப்பாக்கி! படித்தபோது எனக்குக் கை நடுங்கியது.

அப்புறம் நடந்ததுதான் முக்கியம். குத்துச்சண்டைப் போட்டி ஒன்றில் எடுத்த புகைப்படம் வெளிவந்தது. அதில் மாஸ்க் இல்லாமல் உட்கார்ந்திருந்தவர்கள் யார் தெரியுமா? மேயர் ஜேம்ஸ் ரோல்ஃப், நகர சுகாதார அதிகாரி வில்லியம் ஹாஸ்லர். விதியைக் கொண்டுவந்தவரே ஹாஸ்லர்தான்! அவர் 5 டாலரும் மேயர் 50 டாலரும் அபராதம் கட்டினார்கள். கட்டியது சரி, ஆனால் சனங்களின் மனதில் இருந்த மரியாதை போய்விட்டது. நவம்பர் 21 மதியம், விதி முடிந்தது என்று சங்கு ஊதியதும் மாஸ்க்கைக் கழற்றி நடைபாதையில் எறிந்தார்கள். ஜனவரியில் நோய் திரும்ப ஏறி மறுபடி விதி போட்டபோது, மாஸ்க் எதிர்ப்புச் சங்கம் என்றே ஒன்று கிளம்பி ஆயிரக்கணக்கில் கூட்டம் சேர்த்தது. பிப்ரவரி 1-ஆம் தேதி விதியை எடுத்துவிட்டார்கள்.

கேள்வி (ஐ.டி. ஊழியர், கோவை): உணர்ச்சியெல்லாம் சரி. விதி போட்டதால் நோய் குறைந்தது என்று ஆதாரம் உண்டா?

உண்டு, ஆனால் அதை அளவோடுதான் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில் 2020 ஜூலை 3 முதல் மாஸ்க் கட்டாயம், விரும்பாத மாவட்டம் விலகிக்கொள்ளலாம் என்றார்கள். 105 மாவட்டங்களில் 24 விதியை வைத்துக்கொண்டன, 81 விலகின. ஆகஸ்டு பிற்பகுதியில் பார்த்தால் விதி இருந்த இடங்களில் தொற்று விகிதம் 6 சதவீதம் இறங்கியிருந்தது, விலகிய இடங்களில் இரண்டு மடங்கு ஆகியிருந்தது. விதி இருந்த மாவட்டங்கள் பலவற்றில் கூட்டக் கட்டுப்பாடும் சேர்ந்தே இருந்தது, ஆகவே முழுப் பெருமையையும் மாஸ்க்குக்கே கொடுக்க முடியாது.

பங்களாதேஷில் சுமார் 600 கிராமங்களில் நடந்த ஆய்வை நான் இன்னும் அதிகமாக நம்புகிறேன். அபராதம் எதுவும் இல்லை. இலவசமாக மாஸ்க் கொடுத்தார்கள், சந்தையிலும் மசூதியிலும் நின்று நினைவூட்டினார்கள். சரியாக மாஸ்க் போடுவோர் 13 சதவீதத்திலிருந்து 42 சதவீதம் ஆனார்கள். மருத்துவ மாஸ்க் கொடுத்த கிராமங்களில் அறிகுறியோடு உறுதியான தொற்று 11 சதவீதம் குறைந்தது, 60 வயதுக்கு மேற்பட்டவர்களிடம் 35 சதவீதம். துணி மாஸ்க்குக்கு அவ்வளவு தெளிவான பலன் தெரியவில்லை. எங்கள் ஊரிலோ துணி மாஸ்க்கை மூக்குக்குக் கீழே கட்டியிருந்தவருக்கு அபராதம் கிடையாது.

கேள்வி (சிறப்பாசிரியை, நாகர்கோவில்): காது கேளாத பிள்ளைகள் எங்கள் உதட்டைப் பார்த்துத்தான் படிக்கிறார்கள். மாஸ்க் விதி அவர்களை மறந்தேபோனது.

மறந்துதான் போனது டீச்சர். விலக்கு யாருக்கு என்பது உத்தரவிலேயே எழுதியிருக்க வேண்டும், ஆய்வாளரின் கருணைக்கு விடக் கூடாது. வாய் தெரியும்படி நடுவில் கண்ணாடித் தாள் வைத்த மாஸ்க்குகளை நகராட்சியே வாங்கிக் கொடுத்திருக்கலாம், செலவு ஒன்றும் பெரிதில்லை.

கேள்வி (பேரூராட்சி கவுன்சிலர்): அடுத்த முறை இப்படி ஒன்று வந்தால் நாங்கள் என்ன தீர்மானம் போட வேண்டும், அண்ணா?

தம்பி, முதல் வரியில் இடத்தை எழுதுங்கள். "பொது இடங்கள்" என்று பொத்தாம்பொதுவாக வேண்டாம். கூரையும் சுவரும் உள்ள இடம், ரேஷன் கடை, வங்கி, திருமண மண்டபம், பஸ்ஸின் உள்பக்கம் என்று பெயர் சொல்லி எழுதுங்கள். திறந்தவெளியை விட்டுவிடுங்கள். தனியாக வண்டி ஓட்டுபவனைப் பிடித்தால் உள்ளே இருக்கும் விதிக்கும் மரியாதை போகும்.

அடுத்து, எந்த எண் வந்தால் விதி தொடங்கும், எந்த எண் வந்தால் முடியும் என்பதைத் தீர்மானத்திலேயே சேருங்கள். அரசு மருத்துவமனையில் ஆக்சிஜன் படுக்கையில் எத்தனை பேர் என்பது யாருக்கும் புரிகிற எண். அதை வாரம் ஒருமுறை பேரூராட்சி வாசலில் கரும்பலகையில் எழுதி வையுங்கள். முடிவு தேதி தெரியாத விதியை மூன்றாம் மாதம் யாரும் மதிப்பதில்லை.

பொறுப்பு கடைக்காரரோடது, வேலை செய்யும் பெண்ணோடது இல்லை. ஜன்னல் திறந்திருக்கிறதா, மின்விசிறி காற்றை வெளியே தள்ளுகிறதா என்பதையும் ஆய்வில் சேருங்கள். அபராதத்துக்கு முன்னால் மாஸ்க் கொடுங்கள். பஸ் ஸ்டாண்டு உள்கடையில் பூக்கட்டும் ஒரு பாட்டியிடம் 200 ரூபாய் ரசீது எழுதச் சொன்னார் என் மேலதிகாரி. அன்று அந்தப் பாட்டி விற்றதே 140 ரூபாய். சுருக்குப் பையைக் கவிழ்த்து என் முன்னால் எண்ணிக் காட்டினார். பேனாவை மூடிவிட்டு என் பையிலிருந்த மாஸ்க் ஐந்தைக் கொடுத்தேன். மறுநாளிலிருந்து அவரும் பக்கத்துக் கடைக்காரர்களும் போட்டிருந்தார்கள்.

இன்னொன்று தம்பி, தீர்மானம் போட்டபின் கட்சிக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போனால் நீங்களும் போட்டுக்கொண்டு போங்கள். சான் ஃபிரான்சிஸ்கோ புகைப்படத்தை மறக்காதீர்கள்.

கேள்வி (பெயர் வேண்டாம் என்றவர்): இப்போது விதி எதுவும் இல்லை. அம்மாவுக்கு 74 வயது, நுரையீரல் நோய் உண்டு. அடுத்த வாரம் ஏசி மண்டபத்தில் கல்யாணம். போட்டுக்கொண்டு போனால் சிரிப்பார்கள் என்கிறார்.

போட்டுக்கொண்டே வரச் சொல்லுங்கள். மூக்கின் மேல் கம்பியை அழுத்தி, ஓரத்தில் இடைவெளி இல்லாமல். கதவு அல்லது ஜன்னல் ஓரமாக நாற்காலி பிடியுங்கள். பந்தியில் மாஸ்க்கைக் கழற்றித்தான் ஆக வேண்டும், அதனால் முதல் பந்தியில், கூட்டம் சேரும் முன் உட்கார வையுங்கள். நீங்களும் ஒன்று போட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தால், அம்மாவுக்குக் கூச்சம் இருக்காது.