பழங்கால வரலாறு என்றால் உயிரை விடும் பிள்ளையைக் கோடை விடுமுறையில் எங்கே கூட்டிப் போகலாம்?

பத்து வயதுப் பிள்ளை, வாயைத் திறந்தால் ரோம், எகிப்து, மம்மி; ஒரு வாரப் பயணத்தில் எதையெல்லாம் காட்டலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். என் பையனும் அதே ரகம்தான். நான் செய்த தப்பை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அவனுக்கு ஒன்பது வயதில் ரோமுக்குப் போனோம். நான்கு நாளில் கொலோசியம், ஃபோரம், பாந்தியன், கூடவே மூன்று அருங்காட்சியகங்கள். இரண்டாம் நாள் மதியமே ஐயா ஒரு சிலையின் காலடியில் உட்கார்ந்து ஷூ லேஸை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தார். "எல்லாம் ராஜா தலையாவே இருக்குப்பா" என்றான். அவன் சொன்னது சரிதான்.

அடுத்த கோடையில் இத்தாலியின் நேப்பிள்ஸில் தங்கி, பாம்பெயும் அதைச் சுற்றியிருப்பவையும் மட்டும். பாம்பெய், கி.பி. 79-இல் வெசூவியஸ் எரிமலை மூடிய ரோமானிய ஊர். ராஜா தலையைவிட அங்கே தெரு அதிகம், கடை அதிகம். தெருவின் குறுக்கே உயரமான கற்கள் இருக்கும். சாலையில் ஓடும் தண்ணீரிலும் அழுக்கிலும் கால் படாமல் கடப்பதற்கு. கற்களுக்கு இடையே வண்டிச் சக்கரம் போக இடைவெளி, அதன் தரையில் சக்கரம் தேய்த்த பள்ளம். பையன் குப்புறப் படுக்காத குறையாக அந்தப் பள்ளத்தில் விரலை விட்டு ஆழம் பார்த்தான். அப்புறம் எல்லா வண்டிக்கும் சக்கர அகலம் ஒன்றாகவே இருந்திருக்குமா என்று கேட்டான். அடுத்த மூன்று தெருவுக்குச் சாணால் அளந்துகொண்டே வந்தான். நான் வாயே திறக்கவில்லை.

கிளம்பும் முன் ஒரு கதை மட்டும் சொல்லி வையுங்கள். எரிமலை வெடித்தபோது, பின்னாளில் ரோமானிய எழுத்தாளரான இளைய பிளினிக்கு வயது 17. வளைகுடாவின் எதிர்ப்பக்கம் மிசேனத்தில் இருந்தான். கப்பலில் கிளம்பிய மாமா "வருகிறாயா?" என்று கேட்க, படிக்க வேண்டியிருக்கிறது என்று வீட்டிலேயே இருந்துவிட்டான். மாமா திரும்பவில்லை. நடந்ததைப் பின்னாளில் வரலாற்றாசிரியர் டாசிட்டஸுக்குக் கடிதமாக எழுதியவன் இவன்தான். வீட்டுப்பாடம் உயிரைக் காப்பாற்றிய கதை என்று என் பையன் அதை இன்றுவரை நம்பத் தயாராக இல்லை.

உடல் அச்சுகள் விஷயத்தில் யோசித்து முடிவெடுங்கள். எரிமலைச் சாம்பலுக்குள் உடல் மக்கிப்போன வெற்றிடத்தில் பிளாஸ்டர் ஊற்றி எடுக்கும் முறையை 1863-இல் தொல்லியலாளர் ஃபியொரெல்லி கொண்டுவந்தார். மம்மி பார்த்துப் பழகிய பிள்ளைக்கும் இது வேறு மாதிரி. கடைசி நொடியில் முகத்தை மூடிய கை அப்படியே தெரியும். முன்கூட்டியே சொல்லி, பார்க்கிறாயா என்று கேட்டுவிட்டே கூட்டிப் போனேன்.

வெயில்தான் பெரிய எதிரி. பாம்பெயில் நிழல் குறைவு. சுமார் 66 ஹெக்டேர் ஊர் அது. திறந்தவுடன் உள்ளே போய், வெயில் ஏறும் முன் வெளியே வந்துவிடுங்கள். மறுநாள் ஹெர்குலேனியம், அதே எரிமலை மூடிய பக்கத்து ஊர்: சின்னது, அரை நாள் போதும். அங்கே மரம்கூடக் கரியாகி நிற்கிறது, ஒரு வீட்டின் மரத் தடுப்பு உட்பட. மூன்றாம் நாள் நேப்பிள்ஸ் தொல்லியல் அருங்காட்சியகத்தின் குளிர்ச்சியில் கழியட்டும். எட்டுத் துண்டாகப் பிரிகிற மாதிரி கீறிய கரிந்த ரொட்டி அங்கே உண்டு. ஒன்றின் மேல் செலர் என்ற அடிமையின் பெயர் முத்திரையாகப் பதிந்திருக்கிறது. அலெக்சாண்டர் போர்க்களத்தில் பாயும் பெரிய மொசைக் படமும் அங்கேதான். ஆனால் எங்கள் ஆள் அதிக நேரம் நின்றது ரொட்டி முன்னால்.

எகிப்துதான் வேண்டும் என்று அடம் பிடித்தால் குளிர்காலத்துக்குத் தள்ளிப் போடுங்கள். கோடையில் லக்சரில் 40 டிகிரி சாதாரணம். அங்கே எகிப்து மன்னர்களின் கல்லறைகள் இருக்கும் ராஜாக்கள் பள்ளத்தாக்கில் அந்த வெயிலில் பிள்ளையைவிட நீங்கள்தான் முதலில் சுருண்டு விழுவீர்கள்.