கேலிபர் ஆடுகிறதா? முதலில் பிரேக்கை லேசாக மிதித்துப் பாருங்கள்

காரின் முன்சக்கரத்தில் லொடலொடவென்று சத்தம், கேலிபரை (டிஸ்க் பிரேக்கில் பேடை அழுத்தும் கவ்வி) பிடித்தால் ஆடுகிறது, நாமே சரிசெய்யலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். செய்யலாம். ஆனால் போல்ட் எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்கும்வரை வண்டியை எடுக்காதீர்கள்.

எனக்கு இதே சத்தம் வந்தபோது சஸ்பென்ஷன்தான் என்று சொல்லி லிங்க் ராடை மாற்றினார்கள். காசு போனது, சத்தம் போகவில்லை. அப்புறம் ஒருநாள் மேடுபள்ளமான ரோட்டில் உருட்டிக்கொண்டு போகும்போது பிரேக் மேல் சும்மா கால் வைத்தேன், சத்தம் சட்டென்று நின்றது, காலை எடுத்ததும் மறுபடி லொடலொட. பிரேக் பேட், சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க்கைக் கவ்விக்கொண்டால் கேலிபரால் ஆட முடியாது, அவ்வளவுதான் விஷயம்.

வண்டியை ஜாக்கியில் ஏற்றி, கட்டாயம் ஸ்டாண்ட் கொடுத்து, வீலைக் கழற்றிவிட்டு கேலிபரை அசைத்துப் பாருங்கள். உள்ளேயும் வெளியேயும் கொஞ்சம் நகரும், அது நகரத்தான் வேண்டும், பயப்படாதீர்கள். மேலும் கீழும் டக் டக்கென்று தட்டினால்தான் கோளாறு. பின்பக்கம் கேலிபரைப் பிடிக்கும் சின்ன போல்ட் இரண்டு, கேலிபரைத் தாங்கும் பிராக்கெட்டைப் பிடிக்கும் பெரிய போல்ட் இரண்டு இருக்கும். என் வண்டியில் கீழே இருந்த சின்ன போல்ட் விரலாலேயே சுற்றியது! பேட் மாற்றியவர் முறுக்க மறந்திருக்கிறார்.

போல்ட் எல்லாம் இறுக்கமாக இருந்தால் கேலிபர் உள்ளேயும் வெளியேயும் நகர உதவும் ஸ்லைடு பின்னைச் சந்தேகப்படுங்கள். கேலிபரைக் கழற்றினால் பிரேக் ஹோஸில் தொங்கவிடாமல் கம்பியால் ஸ்பிரிங்கில் கட்டிவிடுங்கள். பின்னை உருவிப் பார்த்து, தேய்ந்தோ துருப்பிடித்தோ இருந்தால் மாற்றுங்கள், பின்னைத் தூசி படாமல் மூடும் ரப்பர் பூட் கிழிந்திருந்தால் அதையும் சேர்த்து. சில வண்டிகளில் ஒரு பின்னில் மட்டும் ரப்பர் உறை இருக்கும், மேலே இருந்ததா கீழே இருந்ததா என்று போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கிரீஸ் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம்: பிரேக்குக்கென்று விற்கும் சிலிகான் கிரீஸ்தான் போட வேண்டும், வீட்டில் கிடக்கும் சாதா கிரீஸைத் தடவினால் ரப்பர் ஊதிப்போய் பின் சிக்கிக்கொள்ளும், பேட் ஒருபக்கமாகத் தேயும். பேடைப் பிடிக்கும் கிளிப்புகள் இருக்கின்றனவா என்றும் பாருங்கள், அவை இல்லாவிட்டாலும் இதே மாதிரி சத்தம் வரும்.

போல்ட்டை, முறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சால்தான் முறுக்க வேண்டும். சிறிய கார்களில் சின்ன போல்ட் பெரும்பாலும் 30 நியூட்டன் மீட்டர் பக்கம், பெரியது 100 பக்கம் வரும், ஆனால் உங்கள் மாடலின் சர்வீஸ் மேனுவலில் இருப்பதுதான் கணக்கு. திரெட் போயிருந்தால் வம்பு பண்ணாமல் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

எல்லாம் மாட்டியதும் பெடல் கெட்டியாகும்வரை நாலைந்து முறை மிதித்துவிட்டு அப்புறம் வண்டியை நகர்த்துங்கள். பேடைத் தள்ளும் பிஸ்டனை கேலிபருக்கு உள்ளே தள்ளியிருந்தால் முதல் மிதியில் பிரேக் பிடிக்காது.